ஓடியாடும் பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா?

இரண்டு தலைகளை அருகருகே காட்டும் படம் ஒன்று பல ஆண்டுகளாகப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் சுற்றி வருகிறது. உச்சியிலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்ட தலைகள். இடப்பக்கத் தலையில் பெரும்பாலும் நீலம். வலப்பக்கத் தலையில் சிவப்பும் மஞ்சளும் பரவியிருக்கும். முதலாவது இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் மூளை, இரண்டாவது இருபது நிமிடம் நடந்து வந்த பிள்ளைகளின் மூளை என்று கீழே எழுதியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: உட்கார்ந்தால் மூளை தூங்கும், நடந்தால் விழிக்கும்.

படம் பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாம் பேசுகிற அளவுக்கு அது பேசவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. ஆய்வில் பங்கேற்றவர்கள் மொத்தம் 20 பிள்ளைகள். சராசரி வயது ஒன்பதரை. ஒரு நாள் 20 நிமிடம் ஓய்வாக உட்கார வைத்தார்கள். இன்னொரு நாள் டிரெட்மில்லில் 20 நிமிடம், இதயத் துடிப்பு அதன் உச்சத்தில் 60 விழுக்காட்டை எட்டும் வேகத்தில் நடக்க வைத்தார்கள். துடிப்பு பழைய நிலைக்கு வந்த பிறகு ஒரு சோதனை. திரையில் அம்புக்குறிகளோ மீன்களோ வரிசையாகத் தோன்றும்; நடுவில் இருப்பது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். சில முறை எல்லாமே ஒரு பக்கம் பார்க்கும். சில முறை நடுவில் இருப்பது மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும்; அப்போது அக்கம்பக்கத்து இழுப்புக்கு மசியாமல் பதில் சொல்லவேண்டும். நடந்து வந்த நாளில் பிள்ளைகள் குறைவாகத் தவறினார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்விலும் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். எழுத்துக்கூட்டலிலும் கணக்கிலும் அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை.

படத்தில் உள்ள நிறங்கள், மண்டையின் மேல் மின்முனைகளைப் பொருத்திப் பதிவு செய்த ஓர் அலையின் உயரத்தைக் குறிக்கின்றன. ஒரு சேதி கண்ணில் பட்டு ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து எழுவதால் அதற்கு பி-300 என்று பெயர். 1965 முதல் அறிவியலாளர்களுக்குப் பழக்கமான அலை இது. வந்த சேதியின் மேல் மூளை எவ்வளவு கவனத்தைச் செலவிடுகிறது என்பதற்கு அதன் உயரத்தை ஓர் அடையாளமாகக் கொள்கிறார்கள். ஆக, அந்தப் படம் காட்டுவது இருபது பிள்ளைகளின் சராசரி. ஒரே வகைச் சோதனை. ஒரே நாளின் விளைவு. இவ்வளவுதான். இது சிறிய விஷயமல்ல. ஆனால் இதிலிருந்து "தினமும் ஓடினால் மார்க் கூடும்" என்ற இடத்துக்குப் போக இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் எவ்வளவை ஆய்வுகள் கடந்திருக்கின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், கவனம் என்று ஒற்றைச் சொல்லில் நாம் அடக்கிவிடுவதை உளவியலாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். தேவையற்றதை ஒதுக்கி, வாய்வரை வந்த பதிலைக்கூட நிறுத்தி யோசிக்கும் தன்னடக்கம் ஒன்று. ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குச் சட்டென்று மாறும் நெகிழ்வு மற்றொன்று. மனக்கணக்குப் போடும்போது இடைவிடைகளைக் கையில் பிடித்து வைத்திருக்கும் செயல்நினைவு மூன்றாவது. மூன்றும் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியைச் சார்ந்தவை. அந்தப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நேற்றுப் படித்ததை இன்று நினைவுகூர்வது வேறு. அதற்கு ஹிப்போகேம்பஸ் என்ற ஆழத்துப் பகுதி வேண்டும். உடற்பயிற்சி இவை எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் உதவும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படி உதவவும் இல்லை.

உடனடி விளைவில்தான் சான்று நன்றாக இருக்கிறது. ஹில்மனின் ஆய்வு சின்னது என்றாலும் அதே பாணியில் பல நாடுகளில் பலர் செய்து பார்த்துவிட்டார்கள். 10 முதல் 30 நிமிடம் வரை மிதமாக உடலை அசைத்த பிறகு பிள்ளைகளின் தன்னடக்கச் சோதனை கொஞ்ச நேரத்துக்கு மேம்படுகிறது. பிரிட்டனில் 5,463 பிள்ளைகள் தங்கள் பள்ளிகளிலேயே பங்கேற்ற ஒரு பெரிய சோதனையின் முடிவு 2020இல் வந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் 2012இல் ஒரு தலைமையாசிரியை தொடங்கிய 'டெய்லி மைல்' என்ற 15 நிமிட ஓட்டத்தை ஒட்டி எழுந்த ஆய்வு அது. ஒரு சுற்றில் பிள்ளைகள் தங்களுக்கு இசைந்த வேகத்தில் 15 நிமிடம் ஓடவோ நடக்கவோ செய்தார்கள். இன்னொரு சுற்றில் களைத்துப்போகும்வரை ஓடினார்கள். மற்றொன்றில் வெளியே போய்ச் சும்மா நின்றார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். வெளியே போய் வந்ததைவிட இசைந்த வேகத்தில் ஓடியபோதுதான் விழிப்பும் தன்னடக்கமும் கூடின. களைக்கக் களைக்க ஓடியதில் அந்தப் பலன் இல்லை. காலை அசெம்பிளியில் தாமதமாக வந்தவர்களை மைதானத்தைச் சுற்றி மூச்சுமுட்ட ஓடவிடும் பள்ளிகள் இதைக் கவனிக்கவேண்டும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். உடலை அசைத்ததாலா, பாடத்திலிருந்து கொஞ்சம் விடுபட்டதாலா? அமெரிக்க உளவியலாளர் ஆன்டனி பெல்லெக்ரினி 1990களில் பள்ளி இடைவேளையை ஆராய்ந்தபோது, இடைவேளை தள்ளிப்போகப் போகப் பிள்ளைகளின் கவனம் சிதறுவதையும், இடைவேளைக்குப் பின் அது மீள்வதையும் கண்டார். அறைக்குள்ளேயே விட்ட இடைவேளையும் ஓரளவு பலன் தந்தது. ஆக, ஓய்வுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறுக்கத் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, இடைவேளையைத் தண்டனையாகப் பறிக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. வீட்டுப்பாடம் செய்யாதவனை இடைவேளையில் வகுப்பிலேயே உட்கார வைப்பது நம் ஊரில் வழக்கம். யாருக்கு அந்த இடைவேளை அதிகம் தேவையோ அவனிடமிருந்தே அதைப் பிடுங்குகிறோம்.

ஒரு நாள் விளைவு சரி, மாதக்கணக்கில் பயிற்சி செய்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் இரண்டை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் கேத்தரின் டேவிஸ் குழு, உடல் எடை கூடிய, அதிகம் ஓடியாடாத 171 பிள்ளைகளை மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தது. வயது 7 முதல் 11. ஒரு குழுவுக்குப் பள்ளி முடிந்ததும் தினமும் 20 நிமிட விளையாட்டு. இன்னொரு குழுவுக்கு 40 நிமிடம். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் இது நடந்தது. 2011இல் வெளியான முடிவில் திட்டமிடும் திறன் பயிற்சியின் அளவுக்கேற்ப உயர்ந்திருந்தது. கணக்கிலும் முன்னேற்றம் தெரிந்தது. மற்றது ஹில்மனின் ஒன்பது மாத ஆய்வு. 7 முதல் 9 வயதுவரை உள்ள 221 பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பள்ளி முடிந்தபின் இரண்டு மணி நேரத் திட்டம், அதில் 70 நிமிடமாவது நல்ல ஓட்டம். 2014இல் வந்த முடிவு: தன்னடக்கமும் நெகிழ்வும் மேம்பட்டன, பி-300 அலை உயர்ந்தது, அதிக நாள் வந்த பிள்ளைகளுக்கு அதிகப் பலன்.

இரண்டுமே கவனமாகச் செய்யப்பட்டவை. ஆனாலும் ஒரு குறை உண்டு. பயிற்சி பெறாத குழுவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அல்லது தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கோ ஓட்டத்தோடு சேர்த்துப் புதிய நண்பர்களும், அக்கறையோடு பேசும் பெரியவர்களும், ஒழுங்கான மாலைப்பொழுதும் கிடைத்தன. எது பலன் தந்தது என்று எப்படிப் பிரிப்பது? பெட்சி ஹோசா என்ற உளவியலாளர், கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் கொண்ட பிள்ளைகளையும் அந்தச் சிக்கலுக்கு இடமுள்ள பிள்ளைகளையும் வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு வழி கண்டார். பள்ளி தொடங்கும் முன் ஒரு குழுவுக்கு 12 வாரம் ஓட்டமும் ஆட்டமும். மற்றொரு குழுவுக்கு அதே நேரத்தில் உட்கார்ந்து செய்யும் கைவேலை. இரண்டு குழுக்களும் முன்னேறின! ஆனால் வீட்டில் கவனக்குறைவும் சிடுசிடுப்பும் ஓடிய குழுவிடம் கூடுதலாகக் குறைந்தன. ஆக, அக்கறைக்கும் பலன் உண்டு. ஓட்டத்துக்கு அதற்கு மேல் கொஞ்சம் உண்டு. அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதே வகைப் பிள்ளைகளிடம், 20 நிமிட நடைக்குப் பிறகு தன்னடக்கம் மேம்படுவதை மாத்யூ பான்டிஃபெக்ஸ் 2013இல் காட்டியிருக்கிறார். இது மருத்துவத்துக்குத் துணை. மருந்து எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதை நிறுத்திவிட்டு மைதானத்துக்கு அனுப்பச் சொல்லும் சான்று அல்ல.

நினைவாற்றலுக்கு வருவோம். இங்கேதான் ஊடகங்களில் வரும் சேதிக்கும் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த சேதிக்கும் இடைவெளி அதிகம்.

எலிகளிடம் கதை தெளிவாக இருக்கிறது. கார்ல் காட்மன் குழு 1995இல், சக்கரத்தில் ஓடிய எலிகளின் மூளையில் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தின் உற்பத்தி கூடுவதைக் கண்டது. நரம்பணுக்கள் உயிரோடு இருக்கவும் புதிய இணைப்புகளை உண்டாக்கவும் உதவும் புரதம் அது. 1982இல் பன்றியின் மூளையிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1999இல் ஹென்ரியட் வான் ப்ராக், ஃபிரெட் கேஜ் ஆகியோர், ஓடும் எலிகளின் ஹிப்போகேம்பஸில் புதிய அணுக்கள் பிறப்பது ஏறத்தாழ இருமடங்காவதைக் காட்டினார்கள். மனிதரில் வயதானவர்களிடமும் ஊக்கமான முடிவு உண்டு: 120 முதியவர்களில் ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 விழுக்காடு வளர்ந்ததாக 2011இல் கர்க் எரிக்சன் குழு எழுதியது. எலிக்கும் முதியவருக்கும் நடப்பது குழந்தைக்கும் நடக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் குழந்தையின் மூளை ஏற்கெனவே வேகமாக வளர்ந்துகொண்டிருப்பது. தேய்ந்துவரும் மூளையில் தெரியும் மீட்சி அதில் அதே மாதிரி தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2010இல் லாரா சாடக் செய்த ஆய்வு பெரிய நம்பிக்கை தந்தது. 9, 10 வயதுள்ள 49 பிள்ளைகளில் உடல்தகுதி கூடியவர்களின் ஹிப்போகேம்பஸ் பெரிதாக இருந்தது. எது எதோடு சேர்ந்தது என்று நினைவில் கொள்ளும் சோதனையிலும் அவர்களே முந்தினார்கள். மூன்று ஆண்டு கழித்து அதே குழுவினரின் இன்னொரு ஆய்வு வந்தது. கற்பனை நிலப்படம் ஒன்றில் இடப்பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சும்மா பார்த்துப் பார்த்துப் படித்தபோது உடல்தகுதி கூடிய பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். படிக்கும்போதே இடையிடையே கேள்வி கேட்டுச் சோதித்தபோது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். உடல்தகுதி குறைந்த பிள்ளையை நல்ல கற்பித்தல் தூக்கிவிடுகிறது என்பதைச் சத்தமில்லாமல் அது சொல்லிவிடுகிறது.

ஆனால் இவை ஒப்பீட்டு ஆய்வுகள். உடல்தகுதி உள்ள பிள்ளைக்குச் சத்தான சாப்பாடும், படித்த பெற்றோரும், விளையாட இடமுள்ள வீடும் இருந்திருக்கலாம். பயிற்சி கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஸ்பெயினின் கிரனாடா நகரில் பிரான்சிஸ்கோ ஒர்டேகா குழு அதைச் செய்தது. எடை கூடிய 109 பிள்ளைகள், 8 முதல் 11 வயது, 20 வாரப் பயிற்சி. 2022இல் வெளியான முடிவு இரு கூறாக இருந்தது. அறிவுத்திறன் சோதனையிலும் மனநெகிழ்விலும் முன்னேற்றம் உண்டு. மூளையின் அமைப்பில் மாற்றம் இல்லை, ஹிப்போகேம்பஸும் வளரவில்லை. 2003இலேயே பெஞ்சமின் சிப்லி, ஜெனிஃபர் எட்னியர் இருவரும் 44 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சிக்கும் குழந்தைகளின் அறிவுத்திறனுக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. எந்தத் திறனில் மட்டும் தெரியவில்லை என்றால், நினைவாற்றலில். அதன் பிறகு வந்த ஆய்வுகள் அந்தக் கணக்கை ஓரளவு மாற்றியிருந்தாலும், கவனத்துக்கு உள்ள சான்றோடு ஒப்பிட்டால் நினைவாற்றலுக்கு உள்ள சான்று இன்றும் மெலிந்ததுதான்.

நினைவாற்றல் என்றதும் தோப்புக்கரணத்தை இழுக்காமல் தமிழில் இந்தப் பேச்சு முடிவதில்லை. காதுமடலைப் பிடித்தால் மூளையின் இரு பாதிகளும் தூண்டப்படும் என்ற விளக்கம் வெளிநாடு வரை போய்ப் புதுப்பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. தோப்புக்கரணம் ஓர் உடற்பயிற்சி. தொடைத் தசைக்கு நல்லது. செய்தால் ரத்த ஓட்டம் கூடும். மற்ற அசைவுகளுக்கு உள்ள பலன் அதற்கும் இருக்கலாம். காதுமடலுக்குத் தனி மகிமை உண்டு என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

எந்த வகைப் பயிற்சி நல்லது என்பதில் அறிவியலாளர்களுக்குள் நேருக்கு நேரான சண்டையே நடந்திருக்கிறது. தன்னடக்கம், நெகிழ்வு, செயல்நினைவு ஆகிய நிர்வாகத் திறன்களை ஆராய்வதில் முன்னோடியான அடெல் டயமண்ட், டாஃப்னி லிங்கோடு சேர்ந்து 2016இல் எழுதிய கட்டுரையில், யோசிக்க வேலையே வைக்காத வெறும் ஓட்டத்தால் இந்தத் திறன்கள் பெரிதாக வளரவில்லை என்று அடித்துச் சொன்னார். ஹில்மனும் அவருடைய தோழர்களும் 2019இல் பதில் எழுதினார்கள். டயமண்ட் சான்றுகளைத் தேர்ந்த முறையே சரியில்லை என்பது அவர்கள் வாதம். நான் படித்தவரையில், ஓட்டம் பயனற்றது என்ற முடிவு மிகை. ஆனால் யோசனையும் சேர்ந்த அசைவு கூடுதல் பலன் தரக்கூடும் என்ற டயமண்டின் பாதி வாதத்துக்கு வலு உண்டு. ஜெர்மனியில் ஹென்னிங் புட்டே 2008இல், பதின்வயது மாணவர்களிடம் பத்தே நிமிடம் பந்தைக் கையாளும் ஒருங்கிணைப்புப் பயிற்சி தந்தபோது, வழக்கமான விளையாட்டு வகுப்பைவிடக் கவனச் சோதனையில் அதிக முன்னேற்றம் கண்டார். ரோம் நகரில் கேத்தரினா பெஷே 2009இல் 11, 12 வயது மாணவர்களிடம் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார். குழு விளையாட்டுக்குப் பின் உடனடி நினைவுகூரலும், சுற்றுப்பயிற்சிக்குப் பின்னும் குழு விளையாட்டுக்குப் பின்னும் சற்றுக் கழித்து நினைவுகூர்வதும் மேம்பட்டன. அமெரிக்காவில் ஒரு பள்ளியில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வழக்கமான உடற்கல்வி பெற்றவர்களைவிட டேக்வாண்டோ கற்ற பிள்ளைகளிடம் தன்னடக்கமும் வகுப்பு நடத்தையும் மனக்கணக்கும் கூடுதலாக முன்னேறின.

இதைப் படிக்கையில் எனக்குக் கிளித்தட்டும் சடுகுடுவும் கோ-கோவும் சிலம்பமும் நினைவுக்கு வருகின்றன. கிளித்தட்டில் கோட்டுக்காரன் கையை எங்கே வீசுவான் என்று பார்த்து, ஓட நினைத்த காலை நிறுத்தி, பக்கத்துத் தோழன் ஏமாற்றும் நொடியில் பாயவேண்டும். கோ-கோவில் 'கோ' கேட்கும்வரை எழக்கூடாது. கேட்டதும் எழாமல் இருக்கக்கூடாது. அந்த அம்புக்குறிச் சோதனை ஆய்வுக்கூடத்தில் கேட்கிற அதே தன்னடக்கத்தை இந்த ஆட்டங்கள் மண்தரையில் கேட்கின்றன. செலவு, ஒரு சாக்குக்கட்டி. தமிழ்நாட்டில் உள்ள உடற்கல்விக் கல்லூரிகளும் உளவியல் துறைகளும் சேர்ந்து இவற்றைக் குலுக்கல் முறையில் ஆராயவேண்டும். டேக்வாண்டோவுக்குக் கிடைத்த மதிப்பு சிலம்பத்துக்கும் கிடைக்க அதுதான் வழி.

இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வை இங்கே குறிப்பிடவேண்டும். பெங்களூரில் வசதி குறைந்த வீடுகளைச் சேர்ந்த, 7 முதல் 9 வயதுள்ள 200 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, மூன்று மாதம் ஒரு குழுவுக்கு யோகமும் மற்றொரு குழுவுக்கு உடற்பயிற்சியும் கற்றுத் தந்தார்கள். முடிவு 2012இல் வந்தது: இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. யோகமா விளையாட்டா என்று அடித்துக்கொள்ளும் மேடைகளுக்கு இந்த முடிவு ருசிக்காது. தலைமையாசிரியருக்கோ நல்ல சேதி: கையில் எந்தப் பயிற்சியாளர் இருக்கிறாரோ அவரைக் கொண்டு தொடங்கலாம்.

இனி, பெற்றோர் உண்மையில் கேட்கும் கேள்வி. மார்க் கூடுமா?

பள்ளி அளவில் இதைச் செய்து பார்த்த வரலாறு எழுபது ஆண்டுக்கு மேல் போகிறது. 1950களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரை ஒட்டிய வான்வ் என்ற ஊரில் மாக்ஸ் ஃபுரெஸ்தியே என்ற மருத்துவரின் முயற்சியால் ஒரு வகுப்புக்குக் காலையில் பாடமும் மதியத்துக்கு மேல் உடற்பயிற்சியும் என்று நேரத்தைப் பிரித்தார்கள். பாட நேரம் வெகுவாகக் குறைந்தும் பிள்ளைகள் பின்தங்கவில்லை. 1970களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் துருவா-ரிவியர் பகுதியில் 546 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வைத்து இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். வாரம் ஐந்து மணி நேரம் உடற்கல்வி; அதற்காகப் பாட நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வெட்டு. முதலாண்டில் சற்றுத் தடுமாறிய பிள்ளைகள் பின்னர் மற்றவர்களுக்கு இணையாகவும் சில பாடங்களில் மேலாகவும் வந்தார்கள். ஸ்வீடனில் மால்மோ நகரின் புங்கெஃப்ளோ பகுதியில் 1999இல் தொடங்கிய திட்டம் ஒன்பது ஆண்டு தொடர்ந்தது. தினமும் உடற்கல்வி பெற்றவர்களில் 96 விழுக்காட்டினர் மேல்நிலைப் படிப்புக்குத் தகுதி பெற்றார்கள். வாரம் இருமுறை மட்டும் பெற்றவர்களில் 89 விழுக்காடு. பயன் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம் தெரிந்தது. குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு என்பதால் இதன் எடையைச் சற்றுக் குறைத்தே மதிக்கவேண்டும்.

நெதர்லாந்தில் கணக்கையும் எழுத்துக்கூட்டலையும் குதித்துக்கொண்டும் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டும் படிக்க வைத்தார்கள். 499 பிள்ளைகள், இரண்டு ஆண்டு. 2016இல் வந்த முடிவில் அந்த இரண்டிலும் அவர்கள் நான்கு மாதப் படிப்புக்கு மேல் முன்னேறியிருந்தார்கள், வாசிப்பில் மாற்றமில்லை. அதே ஆண்டு நார்வேயிலிருந்து வந்த சேதி நேர்மாறு. 57 பள்ளிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள், வாரத்துக்கு 165 நிமிடம் கூடுதல் அசைவு. மொத்தத்தில் மதிப்பெண் கூடவில்லை. கணக்கில் கடைசி நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் முன்னேற்றம். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் 17 பள்ளிகளில் மூன்று ஆண்டு நடந்த ஆய்விலும் மதிப்பெண் ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

இவற்றையெல்லாம் தொகுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2019இல் அமிகா சிங் தலைமையில் ஒரு நிபுணர் குழு 58 ஆய்வுகளை அலசிவிட்டு, கணக்குப் பாடத்தில் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது, பொதுவான அறிவுத்திறனிலும் ஒட்டுமொத்தப் படிப்பிலும் முடிவு சொல்ல முடியவில்லை என்றது. 2023இல் ஸ்பெயினின் லூயிஸ் சிரியா குழு, எல்லா வயதினரையும் சேர்த்து 109 ஆய்வுகளை, 11,266 பேரை உள்ளடக்கிய தொகுப்புகளை மறுபடி கணக்கிட்டது. நல்ல முடிவு வந்த ஆய்வுகளே அதிகம் அச்சேறுகின்றன என்ற சாய்வைக் கழித்துப் பார்த்தால், மிஞ்சும் பலன் மிகச் சிறியது என்பது அவர்கள் தீர்ப்பு. துறைக்குள் இது சலசலப்பை உண்டாக்கியது. உண்டாக்கவேண்டியதுதான்.

இந்த முரண்பாடுகளைக் கண்டு குழம்பத் தேவையில்லை. அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஏற்கெனவே போதிய அளவு ஓடியாடும் நார்வேப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டம் சேர்த்தால் பெரிதாக எதுவும் ஏறாது. ஜார்ஜியாவில் பலன் கண்ட பிள்ளைகள் அசையாமல் இருந்தவர்கள்; நார்வேயிலேயே பலன் கண்டவர்கள் கணக்கில் பின்தங்கியவர்கள். எங்கே பற்றாக்குறையோ அங்கே பலன். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. 146 நாடுகளின் தரவுகளை வைத்து அது கணக்கிட்டபடி, 2016இல் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு. ஆண் பிள்ளைகளில் 78.

முரண்படாத முடிவு ஒன்றும் இருக்கிறது. வான்வ் முதல் கேன்சஸ் வரை மேலே சொன்ன எந்தத் திட்டத்திலும், விளையாட்டுக்கு நேரம் கொடுத்ததால் முடிவில் படிப்பு கெட்டதாகத் தெரியவில்லை. பலன் எவ்வளவு என்பதில் இத்தனை வாதம். நட்டம் என்ற பேச்சே எழவில்லை. நம் ஊரில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் பங்குபோட்டுக்கொள்வது பழகிப்போன நடைமுறை. உடற்கல்வி ஆசிரியருக்கு அந்த நேரத்தில் அசெம்பிளி வேலையோ பேருந்து வரிசையைச் சரிசெய்யும் வேலையோ காத்திருக்கும். பறித்த அந்த நாற்பது நிமிடத்தால் மார்க் கூடுகிறது என்று காட்டும் ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. கூடவில்லை என்று காட்டும் ஆய்வுகள் மேலே இருக்கின்றன. ஆதாரம் காட்டவேண்டிய பொறுப்பு பறிப்பவர்களுடையது.

அதே சமயம் விளையாட்டை மார்க்குக்கு விற்கக்கூடாது என்றும் நினைக்கிறேன். நினைவாற்றல் பெருகும் என்று சொல்லி நடத்தும் ஸ்கேட்டிங் வகுப்புகளும் விடுமுறை முகாம்களும் சான்றுக்கு மீறிய வாக்குறுதியைத் தருகின்றன. மார்க் ஏறவில்லை என்றால் அதே பெற்றோர் அடுத்த ஆண்டு பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடுவார்கள். எலும்பு, இதயம், தூக்கம், மனநிலை, நட்பு என்று விளையாட்டால் பிள்ளைக்குக் கிடைப்பவை தாமே போதுமான காரணங்கள். கவனம் கொஞ்சம் கூடுவது அவற்றின் மேல் கிடைக்கும் கூடுதல்.

நடைமுறையில் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கடினமான பாடத்துக்கு முன்னால் விளையாட்டு நேரத்தை வைக்கலாம். கடைசி பீரியடில் வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் உடனடிப் பலன் வகுப்பறைக்கு வராமலே போய்விடும். நம் வெயிலுக்கும் காலை நேரமே உகந்தது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையை ஓடச் சொல்ல முடியாது. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தத் தடையைத் தொடக்கப்பள்ளிகளில் தளர்த்தியிருக்கிறது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களாக மாறுவதைத் தடுக்க, ஓடுவதற்கு ஏற்ற உடையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: கால அட்டவணையில் என் பிள்ளையின் வகுப்புக்கு வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட்? போன மாதம் அவற்றில் எத்தனை உண்மையில் நடந்தன? பெண் பிள்ளைகள் எத்தனை பேர் மைதானத்தில் இறங்கினார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.